கருணையும் உரிமையும்

நேதாஜி பட்டாளம் என்று சொன்னால் மலாக்காத் தோட்டங்களில் இன்றும் முதியவர்களின் முதுகு நிமிர்கின்றது. தந்தையோ, சிறிய தந்தையோ பால்வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுத்த கதையைச் சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அக்கதைகளில் வீரம் உண்டு, கண்ணீரும் உண்டு. ஆனால் யுத்தத்தில் தோற்றபின் அப்பட்டாளத்தார் மீது நடந்த வழக்கைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும், "கேஸ் நடந்தது, விட்டுவிட்டார்கள்" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். எப்படி விட்டார்கள், யார் விட்டார்கள் என்று கேட்பதில்லை. அதைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யுத்த காலத்தில் ஒரு சர்க்கார் ஒருவனைத் தன் விரோதியென்று தானே பிடித்து, தானே குற்றஞ்சாட்டி, தான் நியமித்த கோர்ட்டில் விசாரித்து, தானே தண்டிக்கவும் செய்யுமானால், அந்த அதிகாரத்துக்கு எல்லை யாது? அந்த எல்லையைச் சட்டம் வகுக்கின்றதா, அல்லது ஆளுவோரின் மனம் வகுக்கின்றதா?

1945 நவம்பர் 5ந் தேதி டில்லி செங்கோட்டையில் இராணுவ கோர்ட்டு கூடியது. ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர் எதிரிகளாக நிறுத்தப்பட்டனர். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். மன்னருக்கு விரோதமாக யுத்தம் செய்தார்கள் என்பது மூவர் மீதும் சாட்டப்பட்ட குற்றம். கொலை, கொலைக்கு உடந்தை என்ற குற்றங்களும் உடன் சேர்க்கப்பட்டிருந்தன. கோர்ட்டின் தலைவர் மேஜர் ஜெனரல் பிளாக்ஸ்லாண்டு. அவரையும் சேர்த்து அங்கத்தினர் எழுவர். அவர்களில் நால்வர் வெள்ளையர், மூவர் இந்தியர். எழுவரும் பட்டாள அதிகாரிகளே.

இராணுவ கோர்ட்டின் அமைப்பை வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். கோர்ட்டைக் கூட்டுவது இராணுவம். அங்கத்தினரைப் பொறுக்குவதும் இராணுவம். தீர்ப்பும் தண்டனையும் மேலதிகாரி ஊர்ஜிதம் செய்தாலன்றிச் செல்லா. அந்த மேலதிகாரியும் இராணுவத்தைச் சேர்ந்தவரே. ஆகவே வழக்கின் தொடக்கமும் நடுவும் முடிவும் ஒரே கையில் இருக்கின்றன. போர்க்களத்தில் ஒழுங்கைக் காப்பதற்கு இது தேவை என்பார்கள். தேவையாகவே இருக்கட்டும். ஒரே கையில் உள்ள தராசை மற்றொரு கண் பார்க்க வேண்டாமா என்பதே நம் கேள்வி.

செங்கோட்டையில் பல கண்கள் பார்த்தன. விசாரணை பகிரங்கமாக நடந்தது. பத்திரிகைகள் அதனைத் தினந்தோறும் வெளியிட்டன. தேஜ் பகதூர் சாப்ரு, கைலாஸ் நாத் கட்ஜு, ஆசப் அலி முதலியோர் எதிரிகள் தரப்பில் நின்றனர். நெடுங்காலத்துக்கு முன் கழற்றி வைத்த வக்கீல் அங்கியை ஜவஹர்லால் நேரு மீண்டும் அணிந்து வந்தார். வழக்கை நடத்தியவர் புலாபாய் தேசாய். அவர் எதிரிகளுக்காக மன்னிப்புக் கேட்கவில்லை, உரிமையைக் கேட்டார். 1943 அக்டோபர் 21ந் தேதி சிங்கப்பூரில் அமைந்தது ஒரு சர்க்கார். அதற்குப் படை உண்டு, அப்படைக்குத் தனிச் சட்டம் உண்டு. அது முறைப்படி யுத்தப் பிரகடனம் செய்தது. இரு சர்க்கார்களுக்கிடையே நடந்த யுத்தத்தில் போர்வீரன் செய்த காரியத்தைச் சாதாரணக் குற்றமாகக் கருதித் தண்டிக்கலாகாது என்று அவர் வாதாடினார்.

கோர்ட்டு அவ்வாதத்தை ஏற்கவில்லை. யுத்தம் செய்த குற்றத்துக்கு மூவரும் குற்றவாளிகள் என்றது. சேகலும் தில்லானும் கொலை சம்பந்தமான குற்றங்களிலிருந்து விடுபட்டனர். ஷா நவாஸ் மட்டும் உடந்தைக் குற்றத்துக்கு உள்ளானார். யுத்தக் குற்றத்துக்குச் சட்டம் இரண்டே தண்டனைகளை அனுமதித்தது: ஒன்று தூக்கு, மற்றொன்று ஆயுள் முழுவதும் தீவாந்தர சிட்சை. கோர்ட்டு இரண்டாவதை விதித்தது. உத்தியோகத்தை இழப்பதும், சம்பளப் பாக்கியை இழப்பதும் அதனுடன் சேர்ந்தன. 1946 ஜனவரி 3ந் தேதி முடிவு வெளியாயிற்று. பிரதம சேனாதிபதி ஆகின்லெக் தீவாந்தர சிட்சையை ரத்துச் செய்தார். மற்ற இரண்டையும் ஊர்ஜிதம் செய்தார். மூவரும் வெளியே வந்தனர். நாடே கொண்டாடியது.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். மூவரையும் விடுவித்தது சட்டமா? அன்று. சட்டம் அவர்களைக் குற்றவாளிகள் என்றே சொல்லிற்று. விடுவித்தது ஒரு சேனாதிபதியின் கையெழுத்து. அக்கையெழுத்தை இடச் செய்தது தெருவில் திரண்ட ஜனங்களின் கோபம். அக்கோபம் போற்றத்தக்கது, ஆனால் அது எல்லாருக்கும் எப்போதும் துணைவராது. சில வாரங்களுக்குள் அதே பட்டாளத்தைச் சேர்ந்த காப்டன் அப்துல் ரஷீதின் வழக்கு முடிந்தது. கொடுமை செய்தார் என்ற குற்றத்துக்காக அவருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் என்று முடிவாயிற்று. 1946 பிப்ரவரியில் கல்கத்தாவே கொந்தளித்தது. இவருக்கு இவ்வளவு, அவர்களுக்கு அவ்வளவு என்று அளக்கும் கோல் யார் கையில் இருந்தது? ஆளுவோர் கையில்தான் இருந்தது.

கருணை இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்குச் சென்னை சாட்சி. பினாங்கில் பயிற்சி பெற்று 1942இல் இரகசியமாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இளைஞர் சிலர் பிடிபட்டனர். விரோதி ஏஜெண்டுகள் அவசரச் சட்டம் என்ற 1943ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் விசாரிக்கப்பட்டனர். அங்கு இருந்தது இராணுவ கோர்ட்டு அன்று. ஆனால் சர்க்கார் நியமித்த தனி ஜட்ஜ். விசாரணை கதவடைத்து நடந்தது. சாதாரண அப்பீல் கிடையாது. 1943 செப்டம்பர் 10ந் தேதி வக்கம் அப்துல் காதர், ஆனந்தன், பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வரும் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அப்போது ஊர்வலம் இல்லை, தலையங்கம் இல்லை. செங்கோட்டை மூவரும் இந்நால்வரும் எதிர்த்தது ஒரே சர்க்காரைத்தான். அங்கே கதவு திறந்திருந்தது, இங்கே மூடியிருந்தது.

அப்படியானால் யுத்த காலத்தில் சட்டத்தின் குரல் எங்கும் எழவே இல்லையா? எழுந்தது. அதை எழுப்பியவர்களில் ஒரு தமிழரும் உண்டு என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. 1942ஆம் ஆண்டின் தனிக் கிரிமினல் கோர்ட்டுகள் அவசரச் சட்டம், எந்த வழக்கு சாதாரண கோர்ட்டுக்குப் போவது, எது தனிக் கோர்ட்டுக்குப் போவது என்பதை அதிகாரிகளின் விருப்பத்துக்கே விட்டிருந்தது. 1943 ஜூன் 4ந் தேதி இந்தியாவின் பெடரல் கோர்ட்டு, எஸ். வரதாச்சாரியார் தலைமையில், பெனோவாரி லால் சர்மா வழக்கில் இது செல்லாது என்று தீர்ப்பளித்தது. மூன்று ஜட்ஜுகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார். வழிகாட்டும் நெறி ஒன்றுமில்லாமல் ஒரு மனிதனின் அப்பீல் உரிமையை அதிகாரியின் இஷ்டத்துக்கு விடலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். யுத்தம் மும்முரமாக நடக்கும் வேளையில், அந்தச் சர்க்காரிடமே சம்பளம் வாங்கும் ஜட்ஜுகள் சொன்ன சொல் இது.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. மறுநாளே புதிய அவசரச் சட்டம் பிறப்பித்து, பழைய தண்டனைகளுக்கு உயிர் கொடுத்தது. 1944 நவம்பரில் லண்டன் பிரிவி கௌன்சில் வரதாச்சாரியாரின் முடிவையும் மாற்றிவிட்டது. ஆகவே அத்தீர்ப்பு தோற்றது என்று சொல்லலாம். ஆனால் சட்ட உலகில் தோற்ற சொல் செத்த சொல் ஆகிவிடாது.

இதற்கு நாம் காட்டும் உதாரணம் வாசகர்களுக்குச் சற்றுக் கசக்கலாம். மலாயாவைப் பிடித்த ஜப்பானிய ஜெனரல் யமஷிடாவை 1945 அக்டோபரில் மணிலாவில் அமெரிக்க இராணுவக் கமிஷன் விசாரித்தது. பிலிப்பைன்ஸில் தன் சேனை செய்த கொடுமைகளை அடக்கத் தவறினான் என்பது குற்றம். விசாரணை தொடங்கும் தறுவாயில் புதிய குற்றச்சாட்டுகள் பல சேர்க்கப்பட்டன. பதில் தயாரிக்கப் போதிய அவகாசம் தரப்படவில்லை. 1946 பிப்ரவரி 4ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தலையிட மறுத்தது. மர்பி, ரட்லெட்ஜ் என்ற இரு ஜட்ஜுகள் மட்டும், விரோதிக்கும் நியாயமான விசாரணை உண்டு என்று மாறுபட்டு எழுதினர். பிப்ரவரி 23ந் தேதி அவன் தூக்கிலிடப்பட்டான். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட தமிழரின் பேரப்பிள்ளைகளாகிய நாம் யமஷிடாவுக்காக அழ வேண்டியதில்லை. ஆனால் நமக்கு வேண்டியவனுக்கு மட்டும் நியாயம் கேட்பது நியாயம் ஆகாது. அதற்குப் பெயர் கட்சி.

அந்த ரட்லெட்ஜிடம் பின்னர் உதவிக் கிராணியாக வேலை பார்த்த ஓர் இளைஞரின் பெயர் ஸ்டீவன்ஸ். அவர் தாமே சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜாகி, 2006இல் ஹம்தான் வழக்கில் தீர்ப்பு எழுதினார். நாட்டின் சட்டத்தையும் ஜெனிவா ஒப்பந்தத்தையும் மீறி ஜனாதிபதி தம் இஷ்டப்படி இராணுவக் கமிஷன் அமைக்க முடியாது என்பது அத்தீர்ப்பு. 1946இல் சிறுபான்மையாக ஒலித்த குரலுக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின் பெரும்பான்மையில் எதிரொலி கிடைத்தது. எழுதி வைத்த சொல் காத்திருக்கும்.

டில்லியையும் வாஷிங்டனையும் பற்றித் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். நாம் தோட்டத்து ஆபீஸில் பேனா பிடிப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை திருடியதாக ஒருவர் மீது புகார் வந்தது. புகார் செய்தவரே நாற்காலியில் உட்கார்ந்து விசாரித்தார். சாட்சி கேட்கப்படவில்லை. கடைசியில், "போ, இந்தத் தடவை மன்னித்தேன்" என்றார். அம்மனிதர் கைகூப்பி நன்றி சொன்னார். மூன்று மாதம் கழித்து அதே மாதிரிப் புகார் மற்றொருவர் மீது வந்தது. அதே நாற்காலி, அதே விசாரணை. இம்முறை மன்னிப்பு இல்லை, வேலை போயிற்று. இரண்டு குறிப்புகளையும் எழுதியது நம் கை. முதலாவதை எழுதும்போதே நாம் வாய் திறந்து சாட்சி எங்கே என்று கேட்டிருந்தால், இரண்டாவதை எழுத நேர்ந்திராது என்ற எண்ணம் இன்றும் நம்மை விடுவதில்லை.

இந்நாட்டில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, முறையான விசாரணை இன்றித் தவறு சுமத்தித் தொழிலாளியை நீக்கலாகாது என்கிறது. காரணமின்றி நீக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட 1967ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. இவை ஒருவர் இட்ட பிச்சை அல்ல. ஆனால் கேட்பாரற்றுக் கிடந்தால் காகிதமாகவே கிடக்கும்.

மன்னித்தவரை வணங்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கின்றது. மன்னிக்கும் அதிகாரம் உள்ளவனுக்குத் தண்டிக்கும் அதிகாரமும் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். செங்கோட்டை மூவரின் விடுதலையைக் கொண்டாடுவோம். கூடவே சென்னைச் சிறையின் நால்வரையும் நினைப்போம். அடுத்த முறை தோட்டத்து ஆபீஸில் ஒருவர் விசாரணைக்கு நிற்கும்போது, குற்றஞ்சாட்டியவர் யார், தீர்ப்புச் சொல்பவர் யார், சாட்சி எங்கே, மேலே முறையிட வழி எங்கே என்று அருகில் இருப்பவர் கேட்கட்டும். கிராணியாக இருந்தால் அவரும் கேட்கட்டும்.