கட்டுவிச்சியும் சூனியக்காரியும்

மதுரை, தேனிப் பக்கத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால் ‘கோடாங்கியைக் கூட்டிட்டு வா’ என்பார்கள். உடுக்கையோடு ஒருவர் வந்து குறி சொல்வார். கோடாங்கி என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார். ‘சூனியக்காரன்’ என்று யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்தச் சொல் ஆள் இல்லாத இடத்தில், பழியாக மட்டுமே வழங்குகிறது. மந்திரத் தொழிலோரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் வரலாற்றில், கூப்பிடும் பெயர்களை ஒதுக்கிப் பழிக்கும் பெயர்கள் முன்னுக்கு வந்ததே முதன்மையான மாற்றம் என்பது என் கருத்து.

சங்கப் பாடல்களில் இத்தொழிலோர் கருவியாலோ செயலாலோ பெயர் பெறுகிறார்கள். வேல் ஏந்தி வெறியாடியவன் வேலன். அகவி, அதாவது அழைத்துப் பாடி, குறி சொன்னவள் அகவன் மகள். சுளகில் நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்ப்பது கட்டு, பார்ப்பவள் கட்டுவிச்சி. கழற்சிக்காயை உருட்டிப் பார்ப்பது கழங்கு. தொல்காப்பியக் களவியல் கட்டையும் கழங்கையும் சேர்த்தே சொல்கிறது. குறுந்தொகையின் 23ஆம் பாட்டில் ஔவையார் காட்டும் அகவன் மகள் நரைத்த தலையினள். தலைவனின் மலையைப் பாடிய பாட்டை மீண்டும் பாடும்படி தோழி அவளைக் கெஞ்சுகிறாள். வேலனைத் தோழிகள் எள்ளுவதும் உண்டு. கபிலரின் வெறிப்பத்து முழுவதும் அந்தத் தொனிதான். ஆனால் அவர்கள் எள்ளுவது, பெண்ணின் நோய் காதல் என்பதை அறியாத அவனது பேதைமையை. அவன் தீங்கு செய்பவன் என்ற குற்றச்சாட்டு அங்கே இல்லை.

பெண்களுக்கான சொற்களில் இந்த மதிப்பு இன்னும் நீண்ட காலம் நின்றது. சிலப்பதிகார வேட்டுவ வரியில் கொற்றவை ஏறப்பெற்று ஆடும் சாலினியைச் சுற்றி ஊரே நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடும் கண்ணப்பர் வரலாற்றில், திண்ணன் முதல் வேட்டைக்குப் புறப்படுமுன் நாகன் தேவராட்டியை வரவழைக்கிறான். அவள் முதியவள், அவள் வழிபாடு செய்து வாழ்த்திய பிறகே வேட்டை. திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலில் வரும் கட்டுவிச்சி பழைய முறைப்படியே சுளகில் நெல்லை எறிந்து குறி பார்க்கிறாள். பதினெட்டாம் நூற்றாண்டுத் திருக்குற்றாலக் குறவஞ்சியில் குறி சொல்லும் சிங்கியையும் இந்த வரிசையிலேயே வைக்க வேண்டும்.

மந்திரம் என்ற சொல்லுக்கும் தொடக்கத்தில் இருள் இல்லை. நிறைவான சொல்லாற்றல் உடையோர் ஆணையாக வெளியிடும் மறைமொழி என்று அதைத் தொல்காப்பியம் விளக்குகிறது. மறைவாகச் சூழும் அரச ஆலோசனையும் மந்திரமே. குறள் சொல்லும் மந்திரி அதிலிருந்து வந்தவன். மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு அளித்த மூன்று மந்திரங்களில் ஒன்று பசி தீர்ப்பது. மந்திரவாதி என்பதும் வடமொழியில் மந்திரம் சொல்பவன் என்ற அளவில் நிற்கும் பெயர்தான்.

சூனியம் வேறு வகை. வடமொழியில் அது வெறுமை, கணக்கில் சுழி. தமிழில் அது செய்வினையின் பெயரானது. குடும்பத்தை, விளைச்சலை, உடல்நலத்தை வெறுமையாக்குவது என்ற வழியில் பொருள் நகர்ந்திருக்கலாம் என்று கருதுகிறேன். சிங்களத்திலும் ஹூனியம், சூனியம் என்ற வடிவங்களில் அதே தீவினைப் பொருள் உண்டு. இங்கே பெயர் கருவியை விட்டு விளைவுக்கு, அதுவும் அஞ்சப்படும் விளைவுக்கு, மாறிவிட்டது.

கிறித்தவ வேதத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்தச் சொற்களை ஒரே இடத்தில் திரட்டியது. உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் குறி சொல்பவன், அஞ்சனம் பார்ப்பவன், சன்னதக்காரன், மந்திரவாதி, சூனியக்காரன் ஆகிய அனைவரும் ஒரே விலக்குக்குள் வருகிறார்கள். நாட்டு வழக்கில் தனித்தனியாக இருந்த தொழில்கள் ஒரே பாவமாயின. யாத்திராகமம் 22இல் எபிரேய மூலம் பெண்பாலில் நிற்க, தமிழும் ‘சூனியக்காரி’ என்கிறது. அதே மொழிபெயர்ப்பில் வேறொன்றும் நடந்திருக்கிறது. மத்தேயுவில் விண்மீனைக் கண்டு வந்தோருக்கும், அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலை எதிர்த்தவனுக்கும் கிரேக்க மூலத்தில் ‘மாகோஸ்’ என்ற ஒரே சொல்தான். தமிழில் முன்னவர்கள் ‘சாஸ்திரிகள்’, பின்னவன் ‘மாயவித்தைக்காரன்’. தொழிற்பெயருக்கும் பழிப்பெயருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு அது. மூலத்தில் அந்தப் பிரிவு சொல்லில் இல்லை.

அந்த முடிவை நாம் இப்போது யோசிக்காமலே எடுக்கிறோம். ஐரோப்பியக் கதைகளைத் தமிழாக்கும்போது மந்திரம் அறிந்த பெண் யாராக இருந்தாலும் அவளுக்குச் ‘சூனியக்காரி’ என்ற பெயரே கைக்கு வருகிறது. ‘மாக்பெத்’ நாடகத்தின் மூன்று பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்கள் தீங்கும் செய்பவர்கள்தாம். ஆனால் மாக்பெத்தின் வாழ்வைத் திருப்புவது அவர்கள் சொன்ன குறி. நாடகத்துக்குள் அவர்கள் தங்களைச் சுட்டும் பெயரும் ஊழ் என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. அவர்களை அழைக்கக் கட்டுவிச்சி என்ற சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது.