வெனிசு நீர்ப்பேருந்து

வெனிசு நீர்ப்பேருந்து அல்லது வாப்பொரெட்டோ என்பது இத்தாலியின் வெனிசு நகரில் இயங்கும் பொதுப் பயணிகள் படகுச் சேவை ஆகும். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள் மீதும், அவற்றைப் பிரிக்கும் ஏறத்தாழ 150 கால்வாய்கள் மீதும் அமைந்த இந்நகரின் பழைய பகுதியில் தானுந்துகள் ஓடுவதில்லை. மக்கள் நடந்தோ படகிலோதான் செல்ல வேண்டும். பிற நகரங்களில் பேருந்து செய்யும் பணியை இங்கு வாப்பொரெட்டோ செய்கிறது.

பெயர்

இத்தாலிய மொழியில் வாப்பொரெட்டோ என்பதற்குச் 'சிறு நீராவிக்கப்பல்' என்று பொருள். இதன் பன்மை வாப்பொரெட்டி. நீராவி இயந்திரங்கள் நீங்கி டீசல் இயந்திரங்கள் வந்த பின்னரும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

வரலாறு

முன்னர் மக்கள் கொண்டோலா முதலிய துடுப்புப் படகுகளிலேயே பயணம் செய்தனர். 1846 இல் தொடர்வண்டிப் பாலம் நகரை நிலப்பரப்புடன் இணைத்தது. இதனால் தொடர்வண்டி நிலையத்தில் இறங்குவோரை நகருக்குள் கொண்டுசெல்லும் தேவை பெருகியது. 1881 இல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று பெருங்கால்வாயில் நீராவிப் படகுச் சேவையைத் தொடங்கியது. முதற்படகின் பெயர் 'ரெஜினா மார்கெரிட்டா'. தங்கள் பிழைப்பு பறிபோகும் என அஞ்சிய கொண்டோலா ஓட்டிகள் அவ்வாண்டிலேயே வேலைநிறுத்தம் செய்தனர்; எனினும் சேவை நிற்கவில்லை. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சேவை நகராட்சியின் பொறுப்பில் வந்தது. 1978 முதல் ஆக்டிவி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பொதுப் போக்குவரத்து நிறுவனம் இதனை நடத்தி வருகிறது.

வழித்தடங்கள்

நகரை 'எஸ்' என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் ஊடறுத்துச் செல்லும் பெருங்கால்வாய் ஏறத்தாழ 3.8 கி.மீ. நீளமானது. இதுவே நகரின் முதன்மைச் சாலை போன்றது.

* தடம் 1: பேருந்துகளும் தானுந்துகளும் வந்து நிற்கும் பியாட்சாலே ரோமாவில் தொடங்கி, தொடர்வண்டி நிலையம், ரியால்டோ பாலம், புனித மாற்கு சதுக்கம் வழியாக லீடோ தீவை அடைகிறது. பெருங்கால்வாயின் பெரும்பாலான துறைகளில் நிற்பதால் மெதுவாகச் செல்லும்.
* தடம் 2: குறைவான துறைகளில் நின்று விரைவாகச் செல்லும்.
* தடங்கள் 4.1, 4.2, 5.1, 5.2: நகரைச் சுற்றிச் செல்லும் வட்டத் தடங்கள். புள்ளிக்குப் பின்னுள்ள எண் சுற்றும் திசையைக் குறிக்கும்.
* தடம் 12: கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற முரானோ, பின்னல் வேலைக்குப் பெயர்பெற்ற புரானோ ஆகிய தீவுகளுக்குச் செல்கிறது.

இரவில் தனித் தடம் ஒன்று இயங்குகிறது. நகரின் இடுகாடாகிய சான் மிக்கேலே தீவிலும் ஒரு துறை உண்டு.

படகுகளும் துறைகளும்

பேச்சு வழக்கில் எல்லாப் படகுகளும் வாப்பொரெட்டோ எனப்பட்டாலும், அகலமான தட்டையான படகே உண்மையில் அப்பெயருக்கு உரியது. குறுகலான, தாழ்ந்த 'மோட்டோஸ்காஃபோ' சிறு கால்வாய்களிலும் நகரைச் சுற்றியும் ஓடுகிறது. காயலைக் கடக்கப் பெரிய கப்பல்கள் பயன்படுகின்றன.

துறைகள் மிதக்கும் மேடைகளாகும். ஓதத்துடன் அவை உயர்ந்து தாழ்வதால் படகுக்கும் மேடைக்கும் இடையே உயர வேறுபாடு பெரிதாவதில்லை. படகு நெருங்கியதும் பணியாளர் கயிற்றை மேடையின் கட்டையில் சுற்றி இழுத்து நிறுத்தி, கதவைத் திறந்து விடுகிறார். நகரின் 400 க்கும் மேற்பட்ட பாலங்களில் பெரும்பாலானவை படிகள் கொண்டவை; எனவே சக்கர நாற்காலியில் செல்வோருக்கு நீர்ப்பேருந்தே பல இடங்களை எட்டும் வழியாக உள்ளது.

கட்டணம்

ஒற்றைப் பயணச்சீட்டு 75 நிமிடங்களுக்குச் செல்லும். 2022 இல் இதன் விலை 7.50 யூரோவிலிருந்து 9.50 யூரோவாக உயர்த்தப்பட்டது. பல நாள்களுக்கான சீட்டுகளும் உள்ளன. ஏறுமுன் சீட்டைத் துறையிலுள்ள கருவியில் காட்டிப் பதிவு செய்தல் வேண்டும். தனி அட்டை வைத்துள்ள நகரவாசிகளுக்குக் கட்டணம் மிகக் குறைவு. பெருங்கால்வாயின் மறுகரைக்கு மட்டும் செல்ல விரும்புவோர், சில இடங்களில் 'திராகெட்டோ' எனப்படும் கொண்டோலாவில் சிறு தொகை கொடுத்துக் கடக்கலாம்.

சிக்கல்கள்

இயந்திரப் படகுகள் எழுப்பும் அலைகள் கரைச்சுவர்களையும் கட்டட அடித்தளங்களையும் அரிக்கின்றன. இதனால் வேகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ளது. 2013 ஆகத்தில் ரியால்டோ அருகே நீர்ப்பேருந்து ஒன்று கொண்டோலாவுடன் மோதியதில் செருமானியப் பயணி ஒருவர் உயிரிழந்தார்; அதன்பின் பெருங்கால்வாய்ப் போக்குவரத்து விதிகள் கடுமையாக்கப்பட்டன.

நீர்மட்டம் உயரும்போது தாழ்ந்த பாலங்களின் கீழே படகு நுழைய இடமிராது. அவ்வேளைகளில் சில தடங்கள் மாற்றப்படும். நவம்பர் 12, 2019 இரவு ஓதம் 187 செ.மீ. அளவை எட்டியபோது நீர்ப்பேருந்துகள் சில கரைமீது தூக்கி எறியப்பட்டன. 2020 அக்டோபரில் முதன்முறையாக இயக்கப்பட்ட மோசே தடுப்புக் கதவுகள் பெரும் ஓதங்களைக் காயலுக்கு வெளியே தடுத்து வருகின்றன.

1951 இல் ஏறத்தாழ 1,75,000 ஆக இருந்த பழைய நகரின் மக்கள்தொகை 2022 இல் 50,000 க்குக் கீழ் சென்றது. சுற்றுலாப் பயணிகளோ பெருகினர். பணிக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்வோர் அவர்களுடன் ஒரே படகில் இடம் தேட வேண்டியுள்ளது. நெரிசல் மிக்க சில துறைகளில் நகரவாசிகளுக்கெனத் தனி நுழைவழி அமைக்கப்பட்டது இதனாலேயே ஆகும்.