சிவாவின் விடுதலை ஆண்டு

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் மறைந்தார். அவருடைய வாழ்க்கையை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்கையில் ஓரிடத்தில் கணக்கு உதைத்தது. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்குப் பத்தாண்டுத் தீவாந்தர சிட்சை விதித்தார். கடல் கடந்த தீவுக்கு அனுப்பும் தண்டனைக்கு அன்றைய பெயர் அது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அதை ஆறாண்டாகக் குறைத்தது. அப்படியென்றால் விடுதலை 1914இல் அல்லவா வரவேண்டும்? வாழ்க்கை வரலாறுகளோ 1912 நவம்பர் 2 என்கின்றன.

எல்லா நூல்களும் 1912 என்றே சொல்வது எனக்குப் போதவில்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருந்தால், எத்தனை நூல் இருந்தாலும் சாட்சி ஒன்றுதான். இங்கே தேவைப்படுவது ஆங்கிலச் சட்டமொழியில் ‘கொராபரேஷன்’ எனப்படுவது: ஒரு சாட்சியின் சொல்லுக்கு, அதைச் சாராத வேறோர் இடத்திலிருந்து வந்து சேரும் வலு. சொல்லின் வேர் லத்தீன் ‘ரோபர்’. ஓக் மரத்தையும் அதன் வைரம் பாய்ந்த உறுதியையும் குறித்தது. ஆங்கிலத்தில் உடலுக்குத் தெம்பூட்டும் மருந்துக்கும் இந்தச் சொல் ஒரு காலத்தில் வழங்கியது; வாக்குமூலத்துக்கு வலுவூட்டும் பொருளே பின்னர் நிலைத்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 134ஆம் பிரிவு இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று எண்ணிக்கை கேட்டதில்லை. 157ஆம் பிரிவோ, நிகழ்வை ஒட்டிய காலத்திலேயே சாட்சி சொல்லிவைத்த சொல்லை, அவருடைய வாக்குமூலத்தை உறுதிப்படுத்த ஏற்றது. வரலாறு எழுதுபவருக்கும் இந்த இரண்டும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

முதல் தடயம், சிவாவோடு தண்டனை பெற்ற வ.உ.சி. அதே வழக்கில் அவருக்கும் மேல்முறையீட்டில் நின்றது ஆறாண்டே. அவர் 1912 டிசம்பர் 24 அன்று வெளியே வந்துவிட்டார். ஆகவே சிவாவும் முன்கூட்டியே விடுபட்டிருக்க இடமுண்டு. ஆனால் இது இடமுண்டு என்று மட்டுமே காட்டுகிறது, நடந்ததென்று காட்டவில்லை.

இரண்டாவது தடயம் கனமானது. சிவாவை ஆசிரியராகக் கொண்ட ‘ஞானபாநு’ இதழ் 1913இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. பாரதியின் ‘சின்னச் சங்கரன் கதை’ அதில்தான் அச்சேறியது. 1914 வரை சிறையில் கிடந்தவர் 1913இல் பத்திரிகை நடத்த முடியாது. வாழ்க்கை வரலாற்றாசிரியர் எவரையும் சாராமல், அந்தந்த மாதத்திலேயே அச்சான தாள் இங்கே சாட்சியாகிறது. ஒன்றைக் கவனமாகச் சொல்லவேண்டும்: இதழ் 1914ஐத் தள்ளுகிறதே தவிர, நவம்பர் 2 என்ற நாளை நிறுவவில்லை. ஆண்டுக்குக் கிடைத்த வலுவை நாளுக்கும் சேர்த்து எழுதிவிடுவது தவறு.

சிறையிலிருந்து அவர் தொழுநோயோடு வந்தார். நோயைக் காட்டி ரயில் பயணம் மறுக்கப்பட்டபோதும் ஊர் ஊராக நடந்தார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப முனைந்து, 1923இல் சி.ஆர். தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டினார் என்பது பரவலான செய்தி. அவ்வாண்டு தாஸ் சுயராஜ்யக் கட்சியின் தலைவராக இருந்தது இதற்கு ஒத்துப்போகிறது. ஒத்துப்போவது வேறு, உறுதிப்படுத்துவது வேறு. அடிக்கல்லுக்கும் ஒரு ‘ஞானபாநு’ வேண்டும்: அந்த வாரத்துச் செய்தித்தாள், அல்லது மாவட்ட நிர்வாகம் சென்னைக்கு அனுப்பிய அறிக்கை. தேடுபவர் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தருமபுரி மாவட்டம் என்று கேட்டால் பயனில்லை. அம்மாவட்டம் பிறந்தது 1965இல். 1923இன் பாப்பாரப்பட்டியைச் சேலம் மாவட்டக் கட்டுகளில்தான் பிரித்துப் பார்க்கவேண்டும்.