அசைவு: தொல்காப்பியனார் கண்ட மனநூல்

உளவியல் என்னும் தனித்துறைக்கு அகவை ஏறத்தாழ நூற்றைம்பது என்பர். 1879ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் என்னும் பேரறிஞர் மனத்தை ஆய்வதற்கென ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். அதனையே இத்துறையின் பிறப்பாக அறிஞர் கொள்வர். நம் நாட்டில் 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தா தலைமையில் உளவியல் துறை தோன்றியது. 1922இல் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைக் கண்டார். ஆய்வுக்கூடத்தின் வரலாறு இவ்வளவே. மனத்தை உற்று நோக்கிய வரலாறோ மிகப் பழையது. அதில் தமிழுக்குரிய பங்கு யாது என்பதை ஈண்டு நாம் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். மனத்தில் எழும் உணர்ச்சி மெய்யின்கண் தோன்றிப் பிறர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அது எட்டாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றும் நந்நான்கு காரணங்களால் பிறக்கும் என்பார் ஆசிரியர். ஆக, மனம் அசையும் வாயில்கள் முப்பத்திரண்டு. வடமொழியில் பரதரின் நாட்டிய நூலும் சுவைகளை எட்டாகவே எண்ணுகிறது. இவை செய்யுளுக்கும் கூத்துக்கும் வகுத்த இலக்கணங்களேயன்றி, இன்றைய பொருளில் சோதனை அறிவியல் அல்ல. இதனை மறைத்து வீண்பெருமை பேசுதல் நமக்கு அழகன்று. எனினும், 1872இல் டார்வின் உணர்ச்சிகளின் உடற்குறிகளைத் தொகுத்து நூல் எழுதியதையும், 1884இல் அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ் உடலின் மாறுதலை உணர்கின்ற உணர்வே உணர்ச்சி என்று வாதிட்டதையும் நினைக்கும்போது, உள்ளத்தை மெய்யின் வழியே காண முயன்ற நம் முன்னோரின் நோக்கு எத்துணைக் கூர்மையுடையது என்பது விளங்கும்.

அச்சத்திற்கு ஆசிரியர் கூறும் நான்கு காரணங்களை நோக்குக: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்றது தம்மை ஆளும் தலைவனை. மூணாற்றிலும் பீர்மேட்டிலும் தேயிலைக் காட்டில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டியர்க்கு இப்பட்டியலை யாரும் விளக்க வேண்டுவதில்லை. மலையிருளின் அணங்கும், லயத்தின் வாயிலில் வந்து நிற்கும் காட்டானையும் ஒருபுறம். கங்காணியும் துரையும் மறுபுறம். அவர்கள் எழுத்தறியாதவராயினும் இவ்விலக்கணத்தை வாழ்ந்தறிந்தவர்கள்.

நம் உள்ளத்தை மிகவும் தொடுவது அழுகைக்கு உரைக்கப்பட்ட காரணங்களே. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழத்தல் இழவு. வறுமை யாவரும் அறிந்தது. அசைவு என்பது யாது? முன்னிருந்த நிலை கெட்டு, வேறொரு நிலையை எய்தி வருந்துதல் என்னும் கருத்துப்பட உரை வகுத்தார் பேராசிரியர். எவரும் இறந்திலர், பொருளும் இல்லாமற் போகவில்லை, எவரும் இகழ்ந்திலர், ஆயினும் கண்ணீர் வருகிறது. அத்துயரை வேறெதனோடும் சேர்த்துக் குழப்பாமல் தனியே பெயரிட்டு வைத்தது தமிழ்.

ஐரோப்பாவில் இதனையொத்த துயர் ஒன்று மருத்துவப் பெயர் பெற்றது 1688இல்தான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், பிறந்த நாட்டைப் பிரிந்தோர்க்கு வரும் ஏக்கத்தை ஆராய்ந்து, கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்து ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். அவர் அதனை நோய் என்றார். ஊர் திரும்புதலே அதற்கு மருந்து என்றார். நம் மரபோ அதனை மாந்தர்க்கு இயல்பான அழுகையின் ஒரு வாயில் என்று கொண்டது.

ஊர் திரும்புதலே மருந்தெனின், நாம் எவ்வூர் திரும்புவது? கண்ணன் தேவன் மலைகளை 1877இல் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்றார். அதன்பின் எழுந்த தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுச் சீமைகளிலிருந்து நம் மக்கள் மலையேறினர். பாலக்காட்டுப் பகுதியின் கதை வேறு. சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தோர், 1956 நவம்பர் 1ஆம் நாள், வீட்டை விட்டு ஓர் அடியும் பெயராமலே வேறு மாநிலத்தவராயினர். தேவிகுளமும் பீர்மேடும் அன்று கேரளத்திலேயே நின்றன. சிலர் இடம் பெயர்ந்தனர். சிலரைச் சுற்றி எல்லை பெயர்ந்தது. இருவருக்கும் நேர்ந்தது அசைவே. இன்று பிள்ளைகள் பிறந்ததும், பெரியோர் புதைக்கப்பட்டதும் இம்மண்ணில்தான். ஆதலின் ஹோஃபரின் மருந்து நமக்குப் பயன்படாது.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் மறைந்தன. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். நால்வர் உடல் கிட்டவேயில்லை. எஞ்சியோர்க்கு இழவும் அசைவும் ஒருங்கே வந்தன. இத்தகைய துயருற்ற ஒருவர் மருத்துவர்முன் அமர்ந்தால் என்ன சொல்வார்? ‘நெஞ்சு அடைக்கிறது, உறக்கமில்லை, சோறு இறங்கவில்லை’ என்றே சொல்வார். மனத்தின் துயரை மெய்யின் மொழியில் சொல்லுதல் நம் வழக்கம். அதனைக் கேட்போர் உடல்நோயென்று மட்டும் கொண்டு மாத்திரை தந்து அனுப்பினால் துயர் உள்ளேயே தங்கிவிடும். அணங்கின் செயலென்று மந்திரித்தவரிடம் மட்டும் ஓடினாலும் அதே முடிவுதான்.

இந்திய அரசு 1982இல் நாட்டு மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் மனநல மருத்துவத்தைக் குடிமக்களின் உரிமை ஆக்கியது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அதனைத் தம் மொழியில் கேட்டுப் பெறும் துணிவு வேண்டும். மனம் தளர்ந்தவரைப் பைத்தியம் என்று ஒதுக்கும் இழிவழக்கை நம் இல்லங்களிலிருந்து முதலில் அகற்றுவோம். முதியோர் மலையேறி வந்த கதையை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, பிள்ளைகளை அருகமர்த்திக் கேட்பிப்போம். மருத்துவமனைக்குச் செல்லும் உறவினர்க்குத் துணையாகச் சென்று, அவர் சொல்லும் தமிழ்ச்சொல்லை மலையாளத்தில் எடுத்துரைப்போம். இவை தமிழ்ச் சங்கங்கள் ஆற்றக்கூடிய எளிய பணிகள்.

துயருக்குப் பெயர் தெரிந்தால் அதனைப் பிறரிடம் எடுத்துச் சொல்ல முடியும். அசைவு என்னும் அச்சொல்லை நம் முன்னோர் நமக்காகவே காத்து வைத்ததுபோல் தோன்றுகிறது. அதனை நம் மக்களுக்கு நாம் கற்பிப்போமாக.