காப்புக்கூரை இல்லாத வண்டி: பொறுப்பின் சட்ட வரலாறு

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் அன்றாடக் காட்சி. ஓட்டுநரின் தலைக்கு மேல் காப்புக்கூரை இல்லாத வண்டியில் விபத்து நேர்ந்தால், பொறுப்பு செய்தவருடையதா, விற்றவருடையதா, பயன்படுத்திய ஆலையினுடையதா? சட்டம் இதற்கு மெல்ல மெல்லவே விடை கண்டது.

1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே ஆபத்தான இயந்திரங்களுக்கு வேலியிடும் விதி உண்டு; அதன் சுமை ஆலை நடத்துவோர் மீது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு விற்பவரையும் வாடகைக்கு விடுபவரையும் தண்டனைக்குள் கொணர்ந்தது. ஆனால் அது முதன்மையாகச் சுழலும் தண்டின் திருகாணி, பற்சக்கரம் ஆகியவற்றின் மூடுகாப்பைப் பற்றியது.

1984ஆம் ஆண்டின் போபால் பேரழிவுக்குப் பின், 1987இல் வந்த திருத்தம் 7பி பிரிவைச் சேர்த்தது. அச்சட்டம் நடப்பிலிருந்த 2025 வரை, வடிவமைப்போர், உற்பத்தியாளர், இறக்குமதியாளர், வழங்குநர் ஆகிய அனைவரும் தொழிற்சாலைக்குரிய சாதனம் இயன்றவரை பாதுகாப்பானதாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. எனினும் அதே பிரிவில் ஒரு வழி திறந்திருந்தது. பாதுகாப்புக்கான குறிப்பிட்ட நடவடிக்கைகளைத் தாமே மேற்கொள்வதாகப் பயன்படுத்துவோர் எழுதிக்கொடுத்தால், வடிவமைத்தவர், செய்தவர், விற்றவரின் கடமை நியாயமான அளவுக்குத் தளர்ந்தது. 'கூரையை நாங்களே பொருத்திக்கொள்கிறோம்' என்னும் ஒரு தாள் பொறுப்பையே இடம்மாற்றிவிடக்கூடியதாக இருந்தது.

அத்திருத்தம் இன்னொன்றும் செய்தது: ஆலையின் இறுதிக் கட்டுப்பாட்டை உடைய 'ஆக்குபையர்', நிறுவனமாயின் அதன் இயக்குநர்களுள் ஒருவரே என்றது. 1996இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. ஊழியர் ஒருவரை அவ்விடத்தில் நிறுத்திவிட்டு இயக்குநர்கள் விலகிக்கொள்ள இயலாது.

ஆகவே, ஓட்டுநரின் கவனக்குறைவு என்று முடிவுகட்டுமுன் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: கூரையில்லாத அவ்வண்டி ஆலை வாயிலைக் கடந்தபோது, ஏற்புத் தாளில் கையொப்பமிட்டவர் யார்?