இரண்டு சுவர்கள்

யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்பவனியும் வாணவேடிக்கையும் நம் நினைவுக்கு வருகின்றன. லேவியர் ஆகமம் கூறும் யூபிலியோ வேறு. ஐம்பதாம் ஆண்டில் அடிமைப்பட்டவன் தன் குடும்பத்திடம் திரும்ப வேண்டும். கைமாறிப்போன நிலம் உரியவனிடம் சேர வேண்டும். ஆக, யூபிலி ஆண்டு கணக்குத் தீர்க்கும் ஆண்டு. நம் பங்கின் பெருமைகளைப் பிறர் இம்மலரில் எழுதியிருக்க, நாம் ஒரு பழைய கணக்கை எடுத்து வைக்கத் துணிகிறோம்.

"சாமியாருக்கு எதற்கு அரசியல்? பூசை வைத்தால் போதாதா?" என்று கேட்போர் உண்டு. 1891-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் நியாயமான கூலி பற்றியும் சங்கம் அமைக்கும் உரிமை பற்றியும் சுற்றுமடல் எழுதினார். இராசபாளையத்து ஆலைகளில் வேலை பார்த்த நம் குடும்பங்களுக்குச் சங்கத்தின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மனிதனின் சோறும் மானமும் எங்கே இருக்கின்றனவோ, அங்கே விசுவாசத்திற்கும் வேலை இருக்கிறது.

ஆலயத்துக்குள் ஒரு சுவர்

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகராம் இராபர்ட் தெ நொபிலி, சாதியைச் சமய வழக்கமாக அன்றிச் சமூக வழக்கமாகவே கருதினார். பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அனுமதி வழங்கினார். ஆனால் அதே ஆணையில், உயர்குலத்தோர் எனத் தம்மை எண்ணுவோர் எளியவரை, அதுவும் இறைவனின் இல்லத்தில், இகழலாகாது என்றும் அவர் வேண்டிக்கொண்டார். நாம் அனுமதியைப் பிடித்துக்கொண்டோம், வேண்டுகோளை மறந்துவிட்டோம்.

மறந்ததன் விளைவை வடக்கன்குளத்தில் காணலாம். நீலகண்டர் என்னும் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் 1745 மே 14 அன்று அங்கேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் வேற்றுமையின்றிப் பழகினார். அதுவும் அவர்மீது பகை வளரக் காரணமாயிற்று. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்திற்கு மக்கள் வைத்த பெயர் "கால்சட்டைக் கோயில்". பீடம் ஒன்று; ஆனால் கால்சட்டையின் இரு கால்கள் போல் மண்டபங்கள் இரண்டு. ஒரு சாதியார் ஒன்றில், மற்றவர் மற்றொன்றில், இடையே சுவர். ஒரே அப்பத்தில் பங்குகொண்டோர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பூசை கண்டனர். 1910-இல் அச்சுவர் அகற்றப்பட்டது. அகற்றியதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் வேற்று மதத்தார் அல்லர், கத்தோலிக்கரே. ஆலயத்தில் தனியிடம் கோரிய அவர்கள் வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை.

கல் இடிந்தது, மனம் இடிந்ததா? 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்து இறையூரில், கத்தோலிக்கருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே எழுந்த சாதிப் பூசல் கலவரமாகிப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். சாதி அடிப்படையிலான பாகுபாடு உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று 2003-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் எச்சரித்திருந்தார். 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டபோது "பிள்ளை" என்னும் சாதிப் பட்டம் அவர் பெயரோடு சேர்க்கப்படவில்லை. அப்பட்டமற்ற பெயரே நமக்கு ஒரு மறையுரை.

சட்டத்துக்குள் ஒரு சுவர்

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதாரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திற்று. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் உள்ளே சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வெளியிலேயே நிற்கின்றனர். தமிழகத்தில் ஆதிதிராவிட கிறிஸ்தவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. ஆயினும் தனித்தொகுதியில் நிற்க இயலாது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிட்டாது.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துவந்த சூசை என்பவர் உச்சநீதிமன்றம் வரை சென்றார். அதே தொழில் செய்த இந்துக்களுக்குக் கிடைத்த அரசு உதவி, கிறிஸ்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்டது என்பது அவர் முறையீடு. 1985 செப்டம்பரில் அவர் வழக்குத் தோற்றது. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை கிறிஸ்தவ சமூகத்திலும் அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நிற்போம். சூசை வெல்ல வேண்டுமானால் நாம் நீதிமன்றத்தில் நின்று, "ஆம், எங்கள் ஆலயத்திலும் தீண்டாமை இருக்கிறது" என்று வாக்குமூலம் தந்திருக்க வேண்டும். நம்முள் பலர் "கிறிஸ்தவத்தில் சாதியே இல்லை" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம். முதல் சுவரை மறைத்ததால் இரண்டாம் சுவர் நிலைத்தது.

2007-இல் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத வேறுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் நீதியரசர் பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் இதற்கெனத் தீர்மானம் நிறைவேற்றியது. மறுபக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். பங்கு சுருங்குமோ என்று இந்து ஆதிதிராவிடர் அஞ்சுவதில் பொறாமை இல்லை, பசியே இருக்கிறது. அவர்களைப் பகைத்துப் பெறும் நீதி நீதியாகாது.

மலையடிவாரத்துப் பாடம்

நம் கண்முன் செண்பகத்தோப்பு இருக்கிறது. அங்கு வாழும் பளியர் பழங்குடியினர். பழங்குடியினருக்கான 1950-ஆம் ஆண்டு ஆணையில் மத நிபந்தனை இல்லை. பளியர் ஒருவர் எந்தத் தெய்வத்தை வணங்கினாலும் அவர் பளியரே. மலையிலிருந்து சில மைல் இறங்கி வந்தால், அதே அடிவாரத்து ஆதிதிராவிடர் ஒருவர் திருமுழுக்குப் பெற்ற மறுகணமே சட்டத்தின் பார்வையில் வேறு ஆளாகி விடுகிறார். ஊரார் பார்வையில் மட்டும் மாறுவதில்லை.

பங்குப் பதிவேட்டை எழுதும் நாம் இதன் வலியை அறிவோம். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர். பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயர். "சாமி, இந்தப் பேரு வெளியே தெரிய வேண்டாம்" என்று தாழ்ந்த குரலில் கேட்கும் தாய்க்கு என்ன பதில் சொல்வது? 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில், சலுகைக்காக மட்டும் மதத்தை மாற்றிக்கூறுவது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொய்யை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் பிள்ளையின் படிப்புக்காகத் தன் ஞானஸ்நானப் பெயரை ஒளிக்கும் தாயிடம் நமக்குக் கோபம் வரவில்லை. நம்மேல்தான் வெட்கம் வருகிறது.

சட்டத்தின் சுவரை இடிக்க மனுக்கொடுக்கலாம், ஊர்வலம் போகலாம், வாக்களிக்கலாம். எந்தக் கட்சிக்கு என்று நாம் சொல்லப்போவதில்லை. ஆலயத்தின் சுவரை இடிக்கவோ யாருடைய அனுமதியும் தேவையில்லை. நம் தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறதா? நம் கல்லறைத் தோட்டத்தில் எவரும் எவர் அருகிலும் துயில்கொள்ள முடியுமா? திருவிழாத் தலைக்கட்டில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது? இம்மூன்று கேள்விகளுக்கும் கூசாமல் விடைசொல்லும் நாளே நமக்கு உண்மையான யூபிலி.

புனித தேவசகாயம் நமக்காக மன்றாடுவாராக. இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.