கனிம நானோ குழாய்களின் வரலாறு: பாலிங் முதல் பெங்களூரு வரை

முன்னுரை

நானோ குழாய்களின் வரலாற்றை, 1991-இல் சுமியோ இஜிமா கார்பன் குழாய்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வழக்கில் கனிமச் சேர்மங்களின் குழாய்கள் கார்பன் குழாய்களின் வழித்தோன்றல்களாகவே கருதப்படுகின்றன. அடுக்குச் சேர்மங்கள் குழாயாகச் சுருளும் என்னும் கருத்து கனிமவியலில் முன்னரே வேரூன்றியிருந்ததையும், அதன் பிந்தைய வளர்ச்சியில் பெங்களூரு பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கனிமவியல் வேர்கள்

ஓர் அடுக்கின் இரு முகங்களும் ஒவ்வாத அளவுடையனவாயின் அது வளைய முற்படும் என்று 1930-இல் லைனஸ் பாலிங் கருதினார். கல்நார் வகையாகிய கிரிசோடைலில் சிலிக்கேட் தாளும், அதனினும் சற்று அகன்ற மக்னீசியம் ஹைட்ராக்சைடு தாளும் இணைந்துள்ளன. அகன்ற தாள் புறத்தே அமையுமாறு அடுக்கு சுருள்கிறது. கிரிசோடைல் படிகங்கள் குழாய் வடிவின என்பதை 1950-இல் தாமஸ் பேட்ஸும் உடன் ஆய்வாளர்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழி வெளியிட்டனர்.

ஒத்த முகங்களும் சுருளுதல்

1992-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரெஷெஃப் டென்னே குழுவினர் டங்ஸ்டன் டைசல்பைடில் குழாய்களைக் கண்டனர். இதன் அடுக்கில் உலோகத் தளம் இரு கந்தகத் தளங்களுக்கிடையே அமைந்திருப்பதால் இரு முகங்களும் ஒத்தவை. ஆகவே பாலிங்கின் விளக்கம் இங்குப் போதவில்லை. அடுக்கு மிகச் சிறிதாகும்போது விளிம்பில் பிணைப்பு நிறைவுறாத அணுக்களின் விகிதம் மிகுகிறது. விளிம்புகள் தம்முள் இணைந்து மூடிக்கொள்வதால் ஆற்றல் குறைகிறது என்பதே புதிய விளக்கம். மூன்று அணுத்தளத் தடிப்புள்ள அடுக்கை வளைப்பது கடினமாதலின், இக்குழாய்கள் பெரும்பாலும் பருமனும் பல சுவர்களும் உடையன. நுண்ணோக்கிப் படங்களில் சுவர் அடுக்குகள் ஏறத்தாழ 0.62 நானோமீட்டர் இடைவெளியில் கோடுகளாகத் தெரிகின்றன.

பெங்களூரு ஆய்வுகள்

2001-இல் பெங்களூரில் சி. என். ஆர். ராவ், மானசி நாத், கோவிந்தராஜ் ஆகியோர் அம்மோனியம் தயோமாலிப்டேட்டு, அம்மோனியம் தயோடங்ஸ்டேட்டு ஆகியவற்றை ஹைட்ரஜனில் சூடாக்கி, மாலிப்டினம், டங்ஸ்டன் டைசல்பைடுக் குழாய்களை எளிதில் ஆக்கினர். இவ்வினையில் முதலில் டிரைசல்பைடு உருவாகி, பின்னர் டைசல்பைடாகச் சிதைகிறது. டிரைசல்பைடே குழாயாக்கத்தின் இடைநிலை என்னும் தெளிவு, அம்முறையைப் பிற உலோகங்களுக்கும் விரிக்க உதவியது. நயோபியம், டான்டலம் டைசல்பைடுக் குழாய்கள் 2001-இலும், டைட்டானியம், சிர்க்கோனியம், ஹாப்னியம் டைசல்பைடுக் குழாய்கள் 2002-இலும் வெளிவந்தன.

முடிவுரை

கார்பன் குழாய்கள் இத்துறைக்கு ஊக்கம் அளித்தன என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றை அதன் மூலமாகக் கொள்வது பொருந்தாது. முகங்களின் ஒவ்வாமை, விளிம்பின் நிறைவின்மை, இடைநிலைச் சேர்மத்தின் சிதைவு என மூன்று விளக்கங்கள் படிப்படியாக உருவானதே இதன் வரலாறு. மூன்றாம் விளக்கத்தை ஆக்கமுறையாக விரித்ததில் பெங்களூரு ஆய்வுகளுக்குத் தனி இடம் உண்டு.